செட் எங்களிடம் இருக்கிறது

பெரிய ட்ரம், பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலையின் வாசலுக்குள் போகவில்லை. மக்கீன் ஒரு பக்கமும் புஷ்பராஜ் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு நேராகத் தள்ளிப் பார்த்தார்கள். சரித்துத் தள்ளிப் பார்த்தார்கள். இரட்டைக் கதவில் ஒன்றின் தாழ்ப்பாள் இறுகிப்போய்க் கிடந்தது. வெள்ளை உடுத்து, மாலையும் கையுமாக வந்த பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளவத்தைக் காலி வீதி வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். ட்ரம்மின் முகத்தில் சிவப்புப் பெயின்டால் 'கறல்' என்று எழுதியிருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் அதை வாசித்தார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"சரிச்சுப் பிடிடா. பொட்டியே போன வாசல் இது," என்றான் புஷ்பராஜ்.

"பொட்டி நீட்டு. இது வட்டம்," என்றான் மக்கீன்.

உள்ளே, இறந்துபோன மனைவி ஹம்சிகாவின் தலைமாட்டில், வெற்று மேலில் சால்வையும் விரலில் தர்ப்பையுமாக நின்ற சுகிர்தன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருடைய செத்த வீட்டுக்கு யாரோ ட்ரம் கொண்டுவருகிறார்கள் என்பதுபோலத்தான் முதலில் தோன்றியது. பிறகு வாசலுக்குப் போனான்.

"எதுக்கடா உது?"

மக்கீன் ட்ரம்மைக் கீழே வைத்தான். "நீதானே காலைல ஃபோன்ல சென்ன, செட் எடுத்திட்டு வா எண்டு."

சுகிர்தனுக்கு ஞாபகம் வந்தது. விடிய ஆறு மணிக்கு மலர்ச்சாலையை நடத்தும் நிமல் ஐயா, சிங்களம் கலந்த உடைந்த தமிழில் கேட்டிருந்தார்: "மஹத்தயா, செட் நாங்க குடுக்கிறதா, உங்ககிட்ட இருக்கா?" படுக்கையறையின் முக்கால்வாசியை ஹம்சிகாவின் ட்ரம் செட் அடைத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் ஏற வேண்டுமானால் சிம்பலைச் சுற்றித்தான் போகவேண்டும். அதைப் பார்த்தபடியே, "செட் எங்களிட்ட இருக்கு," என்றுவிட்டான். உடனே மக்கீனுக்கும் ஃபோன் அடித்துச் சொன்னான். இரண்டு நாளாக அவனிடம் எதைக் கேட்டாலும் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் பதிலாக வந்தது.

நிமல் ஐயா கேட்டது உரல், உலக்கை, செம்பு, சட்டி, குத்துவிளக்கு. கிரியைச் சாமான் செட்.

அந்தச் சொல் அவர்களை இப்படிக் கவிழ்ப்பது இது முதல் தடவையல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு கயிற்றுக் களஞ்சியத்துக்கு மேலே, ஒரே அறையில், கறல், அதாவது துரு, என்ற ரொக் இசைக்குழுவும் வாய்க்கொழுப்பு என்ற பகிடிக் குழுவும் ஆறு வருடமாக ஒத்திகை பார்த்தன. ஹம்சிகா கறலின் ட்ரம்காரி; மக்கீனும் கறல். சுகிர்தனும் புஷ்பராஜும் வாய்க்கொழுப்பு. கறலுக்குச் செட் என்றால் ட்ரம். சிலவேளை அன்றைக்கு வாசிக்கும் பாட்டுகளின் வரிசை. வாய்க்கொழுப்புக்குச் செட் என்றால் பத்து நிமிடப் பகிடி. "உங்கட செட்டைக் கழட்டுங்கோ, எங்கட செட்டைச் செய்யவேணும்" என்பதுதான் சுகிர்தன் அவளிடம் பேசிய முதல் வசனம். அவள் கழற்றவில்லை. அங்கேயே இருந்து கேட்டாள். மூன்றாவது பகிடிக்கு யாரும் சிரிக்காதபோது, இரண்டு அடியும் ஒரு சிம்பலுமாக டும் டும் சிங் என்று வைத்தாள். அறை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு குழுவுக்கும் ட்ரம்காரி அவள்தான்.

"நீங்களும் நாங்களும் ஒரே ஆக்கள்," என்பாள். "அடிக்காம விடுற இடத்திலதான் ரெண்டு பேரின்ர பிழைப்பும் கிடக்குது."

கல்யாணப் பேச்சு வந்தபோது அவளுடைய தகப்பன் நவரத்தினம், யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் கேட்கிற கேள்வியை, சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "பொடியன் என்ன ஆக்கள்?"

"எங்கட ஆக்கள்தான் அப்பா," என்றாளாம் ஹம்சிகா. "பகிடிக்காரர்."

நவரத்தினம் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்த மனிதர். முத்திரையில்லாத எதையும் ஏற்றுக்கொள்ளாதவர். வாய்க்கொழுப்பின் நிகழ்ச்சிக்கு ஒரேயொரு தடவை வந்தார். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை இருந்துவிட்டு, "மைக் நல்லாயிருந்தது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஒரு தகப்பனை வைத்துக்கொண்டுதான் ஹம்சிகா போன மாதம் சுகிர்தனிடம் வாங்கக்கூடாத வாக்கு ஒன்றை வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், முடி கொட்டிப்போன தலையில் மக்கீனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"என்ர செத்த வீட்டில ஒருக்கா எண்டாலும் ஆக்கள் சிரிக்கவேணும். சத்தியம் பண்ணும்."

"உம்மட அப்பா என்னைக் கொண்டுபோடுவார்."

"அப்ப ஒரே செலவில ரெண்டு செத்த வீடு. பண்ணும்."

பண்ணினான். நேற்றுப் பின்னேரத்திலிருந்து முயன்றும் பார்த்தான். பிரேதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது பகிடிகள் வராமலில்லை. வரிசையாக வந்தன. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் அடிக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்த இடம் வந்ததும் பகிடி அப்படியே நின்றுவிட்டது. போதாததற்கு நவரத்தினம் காலையில் அவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இண்டைக்கு உங்கட ஆக்களின்ர கூத்து ஒண்டும் வேண்டாம்," என்று சொல்லியிருந்தார். கெஞ்சுவதுபோல.

இப்போது கூத்து வாசலில் இறுகி நின்றது.

நிமல் ஐயா ஒரு சுத்தியலோடு வந்து தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தார். ட்ரம் உள்ளே வந்தது. பின்னாலேயே சிம்பல்கள், தாங்கிகள், ஸ்நேர், ஸ்டூல். வெளியே வைத்தால் பொலிஸ் பேசும் என்று எல்லாவற்றையும் மூலையில், மலர்வளையங்களுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். ஒரு மாமி அதையும் ஒரு வகை மலர்வளையம் என்று நினைத்து ஒரு கணம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கிரியை செய்ய வந்த குருக்கள் சுற்றிலும் பார்த்தார். "எல்லாம் சரி. பிரேதத்துக்கு வைக்கிற மஞ்சள் சுண்ணம் இடிக்க உரல் எங்க?"

நிமல் ஐயா சுகிர்தனைப் பார்த்தார். "செட் இருக்கு சொன்னதுதானே?"

"இருக்கு," என்றான் சுகிர்தன். மூலையைக் காட்டினான்.

குருக்கள் மூலையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "உதுக்குள்ள மஞ்சள் இடிக்கேலாது தம்பி," என்றார்.

மலர்ச்சாலையில் இருந்த ஒரே உரல் காலையிலேயே கிருலப்பனையில் இன்னொரு செத்த வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு மணிக்குக் கனத்தை மயானத்தில் இருக்கவேண்டும். புஷ்பராஜ் பக்கத்து ஒழுங்கைக்குள் ஓடினான். வெள்ளவத்தையில் மாடி இல்லாத ஒழுங்கை இல்லை. உரல் இருக்கிற மாடியும் இல்லை. கால் மணித்தியாலத்தில் வியர்த்து வழியத் திரும்பி வந்தான்.

"எட்டாம் மாடி வரைக்கும் ஏறிட்டேன் மச்சான். ஒரு அக்கா மிக்ஸி தாறேங்கிறாங்க. மூணு ஜார் இருக்காம்."

குருக்கள் ஒரு கணம் யோசித்தது போலத்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டி மறுத்தார்.

கடைசியில் முன்னாலிருந்த சைவக் கடைக்குள் மக்கீன் போனான். இஞ்சி, உள்ளிப்பூண்டு இடிக்கிற கல்லுரல் ஒன்றோடு வந்தான். தேங்காய்ப்பாதி அளவு. உலக்கை என்று சொல்ல வேண்டியது ஒரு சாண்கூட இல்லை.

குருக்கள் குனிந்து முகர்ந்தார். "உள்ளி மணக்குது."

எல்லோரும் நவரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் மகளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு உள்ளி விருப்பம்," என்றார்.

கல்லுரலை நிலத்தில் வைத்தால் மாபிள் வெடிக்கும் என்று நிமல் ஐயா சொன்னார். மக்கீன் மூலைக்குப் போய் ஹம்சிகாவின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். கறுப்பு லெதர் இருக்கை நடுவில் குழிந்திருந்தது. உரல் அந்தக் குழிக்குள் அளவெடுத்ததுபோல இருந்தது.

குருக்கள் பதிகம் தொடங்கினார். சுகிர்தன் மஞ்சளின் மேல் முதல் இடி இடித்தான்.

டொக்.

ஸ்ர்ர்ர், என்றது மூலை.

குருக்கள் பாட்டை நிறுத்தாமல் கண்ணை மட்டும் திருப்பினார். சுகிர்தன் இன்னொன்று இடித்தான். ஸ்ர்ர்ர். அது ஸ்நேர் ட்ரம். அதன் அடித்தோலில் கம்பிச் சுருள்கள் உண்டு. கிட்ட எந்தச் சத்தம் கேட்டாலும் அவை தாமாகவே அதிரும். பக்கத்திலிருக்கும் சின்னப் பிடியைக் கீழே தள்ளினால் கம்பிகள் தோலைவிட்டு விலகிவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் ஹம்சிகா கடைசியாகச் செய்கிற வேலை அதுதான். "படுக்கப் போடுறன்" என்று சொல்லித்தான் தள்ளுவாள். இன்றைக்கு ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"உரித்துக்காரர் ஒவ்வொருத்தராய் வாங்கோ," என்றார் குருக்கள்.

நவரத்தினம் வந்தார். டொக். ஸ்ர்ர்ர். ஹம்சிகாவின் சித்தி மயிலம்மா வந்தார். மச்சான்மார் வந்தார்கள். ஒரு சாண் உலக்கையைப் பெரிய பெரிய மனிதர்கள் இரண்டு விரலால் பிடித்து இடிப்பதைப் பார்க்க, பல்லுக்குச்சியால் விறகு பிளப்பதுபோல இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சுகிர்தன் வரிசையின் வாலைப் பார்த்தான். வரிசை முடிகிறது. இது முடிந்தால் வாய்க்கரிசி, பிறகு மூடி. சத்தியம் பண்ணியாயிற்று. வாயைத் திறந்தான். மூடினான்.

"வேற ஆரும் இருக்கினமோ?"

சுவரோரம் ஆறு பேர் நின்றார்கள். கறலிடம் கறுப்பு உடுப்பைத் தவிர வேறு கிடையாது; வாய்க்கொழுப்பு வெள்ளையில் வந்திருந்தது. சதுரங்கப் பலகையிலிருந்து தப்பி வந்தவர்கள்போல இரண்டு நிறமும் கலந்து நின்றார்கள். மக்கீன் ஒரு அடி முன்னால் வைத்தான். பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டான்.

குருக்கள் கண்ணாடியைச் சரிசெய்தார். "இவை ஆர்? என்ன முறை?"

மேலே மின்விசிறி மட்டும் ஓடியது. சுகிர்தன் தன்னையறியாமல், பகிடிக்கு முன்னால் விடுகிற இடைவெளியைப்போல, எண்ணத் தொடங்கியிருந்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

"எங்கட ஆக்கள்தான் ஐயா," என்றார் நவரத்தினம்.

அவர் மகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. தபாற்கந்தோர்க் குரலில், ஒரு விலாசத்தை உறுதிப்படுத்துவதுபோலச் சொன்னார்: "கறல் பகுதி."

யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றைத் தேடுவதுபோலக் குருக்கள் நெற்றியைச் சுருக்கினார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"கறல்... அது வடமராட்சிப் பக்கமோ?"

முதலில் வெடித்தது மயிலம்மா. சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. அடுத்து புஷ்பராஜ் சுவரோடு சரிந்தான். பிறகு கதிரை வரிசைகள் ஒவ்வொன்றாக. விஷயம் விளங்காதவர்கள் விளங்கியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நிமல் ஐயா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "இல்லையோ? அப்ப தீவுப் பக்கமோ?" என்று குருக்கள் மேலும் கேட்க, மலர்ச்சாலையின் கண்ணாடி யன்னல்கள் அதிர்ந்தன. நவரத்தினத்தின் முகம் அப்படியே இருந்தது. தோள்கள் மட்டும் குலுங்கின. அது என்ன குலுக்கம் என்று சுகிர்தனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிரிப்பு ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில், கறலும் வாய்க்கொழுப்பும் ஒரே நேரத்தில் மூலைக்குத் திரும்பின. சுகிர்தனும் திரும்பினான். இரண்டு அடியும் ஒரு சிம்பலும் விழ வேண்டிய இடம் அது.

ஸ்ர்ர்ர், என்று ஸ்நேர் மட்டும் மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது.

மக்கீன் அதை நிறுத்தப் போனான். "விடுங்கோ தம்பி," என்றார் நவரத்தினம். "வந்து இடியுங்கோ."

ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து இடித்தார்கள். எல்லோருடைய இடியும் சரியான இடைவெளியில் விழுந்தது. அப்படி விழவேண்டும் என்று யாரும் பேசி வைக்கவில்லை. மூலை ஆறு தடவையும் பதில் சொன்னது. சுண்ணம் நல்ல நைஸாக அரைபட்டிருந்தது. குருக்கள் அள்ளிப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார்.

உரலைத் தூக்கியபோது ஸ்டூலின் கறுப்புத் தோலில் மஞ்சளாய் ஒரு வட்டம் இருந்தது. வாய்க்கரிசி முடிந்தது. நிமல் ஐயா மூடியோடு வந்து நின்றார்.

"மஹத்தயா, மூடவா?"

"கொஞ்சம் பொறுங்கோ," என்றான் சுகிர்தன்.

மூலைக்குப் போனான். மலர்வளையங்களை விலக்கிக் குந்தி, ஸ்நேரின் பிடியில் விரலை வைத்தான். அப்போது வெளியே காலி வீதியில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. கம்பிகள் நடுங்கத் தொடங்கின.

பஸ் தூரமாகும்வரை அவன் விரலை எடுக்காமல், தள்ளாமல், காத்திருந்தான்.