காலியாக விட்ட கட்டம்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மாதாமாதம் அப்பாவுக்கு மாத்திரை வாங்கி, வேளைவாரியாகப் பிரித்து வைத்து, சாப்பிட்டாரா சாப்பிட்டாரா என்று கேட்டுத் தொண்டை வறண்டது இவளுக்கு. அப்பாவோ வார்டில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த நர்ஸு என் சின்னப் பொண்ணாக்கும்!" என்று பூரித்துக்கொண்டிருந்தார். அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து லேபில் மூத்தவள் ஒருத்தி மாரடிப்பதை வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் அவருக்கு இடுப்பு ஆபரேஷன். ரத்தம் உறைகிற விதத்தைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் முடிவை டாக்டருக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

மதியம் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. சின்னவள். "அப்பா இன்னைக்கு எப்படிக் கொஞ்சினாருன்னு சொல்லப் போறியாக்கும்" என்று முனகிவிட்டு, அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

சற்று நேரத்தில் அப்பாவின் ரத்தமும் சீட்டும் வந்தன. சின்னவளின் முத்து முத்தான எழுத்து. பேர், வயசு, வார்டு எல்லாம் இருந்தது. 'சாப்பிடும் மருந்துகள்' என்ற கட்டம் மட்டும் காலி.

ஆகா, வசமாக மாட்டினாள் மகாராணி! வேறு நர்ஸ் என்றால் பெரியவள் போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாள். இதற்கு அதுகூட வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, அதன் அளவு, என்றைக்கு நிறுத்தியது, எல்லாம் இவளுக்கே மனப்பாடம். எழுதினாளா? 'விவரம் போதாது' முத்திரையை எடுத்துக் குத்தினாள் பாருங்கள், மேசையே ஆடியது. திருப்பி அனுப்பும் சீட்டோடு வந்த ரத்தத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது அந்த லேபின் வழக்கம். கொட்டினாள். டாக்டர் எல்லார் முன்னாலும் தங்கச்சியை நாலு வார்த்தை கேட்பார் என்று நினைக்கவே மனசு குளிர்ந்தது.

சின்னவளே சீட்டோடு இறங்கி வந்தாள்.

"ஏன்க்கா போனை எடுக்கல?"

"வேலை இருந்துச்சு. சீட்டை முழுசா எழுதத் தெரியாதா உனக்கு? பெரிய நர்ஸ்!"

"எழுதத்தான் போனேன். அப்பா விடல. 'நீ தப்பா எழுதித் தொலைப்பே. என் மாத்திரையெல்லாம் பெரியவளுக்குத்தான் அத்துப்படி, கட்டத்தை விடு, அவ எழுதுவா'ன்னாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." சின்னவள் சீட்டை மேசைமேல் போட்டாள். "நர்ஸா இருந்து என்ன பிரயோஜனம்? நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து இதே பாட்டுதான். எதுக்கெடுத்தாலும் பெரியவ, பெரியவ. உன்னைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்க்கா."

பெரியவள் பேனாவை எடுத்தாள்.

"சரி, எழுதிக் குடு. ரத்தம் எங்கே?"

"கொட்டிட்டேன்."

"அடிப்பாவி! நரம்பு கிடைக்காம ரெண்டு கையையும் குத்திக் குத்தி எடுத்தேன்க்கா!"

பெரியவள் ஊசியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அப்பாவின் இரண்டு கைகளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்திலெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"திரும்ப எடுக்கணும்ப்பா" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

"நீ எடுத்தா சரியா இருக்கும்" என்று கையை நீட்டினார்.

முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. அதற்கடுத்ததில் வந்தது. பின்னாலேயே வந்திருந்த சின்னவள் ரத்தம் பிடித்த குழாயை வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினாள்.

"வலிக்கவே இல்லம்மா" என்றார் அப்பா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.