ஹவ்வா உம்மாவின் கடைவாய்ப் பல்

மன்னார் ஆசுபத்திரிக்குப் போன மாட்டுவண்டி தாராபுரத்துக்குத் திரும்பியபோது ஹவ்வா உம்மா அடுப்படி வாசலில் நின்றாள். கருவாட்டு வியாபாரி சாஹுல் ஹமீட் முதலில் குதித்தார். பிறகு வண்டித் திரையை விலக்கி, தன் இளைய மனைவி ஸுஹறாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு.

"ஹவ்வா, கவனமாக் கேள்," என்றார் மூத்தவளிடம். "அரை மணித்தியாலம் பஞ்சை எடுக்கப்படாது. இண்டைக்கு வாய் கொப்பளிக்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம். நாளையில இருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணி. சூடா ஒண்டும் குடுக்காத, இரத்தம் திரும்ப வருமாம். கஞ்சியை நல்லா ஆறவச்சுக் குடு. ஒரு கிழமைக்கு வெத்திலை இல்லை."

கடைக்குப் போனால் மூன்று சாமானில் இரண்டை மறந்து வருகிற மனுஷன் அவர். ஆசுபத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சொன்னதை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார். அதுதான் ஹவ்வா உம்மாவின் நெஞ்சில் போய்த் தைத்தது.

அவளுக்கும் சொத்தைப் பல் இருந்தது. இடப்பக்கம், கீழே, இரண்டு வருஷமாக. தாங்க முடியாத ஒரு நாள் அவரிடம் சொன்னாள். கருவாட்டுச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "கிராம்பை வச்சுக் கடி," என்றார். இன்றுவரை கடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஸுஹறாவுக்கோ வலி கண்ட மூன்றாம் நாளே வண்டி கட்டியாயிற்று.

கஞ்சியை ஆற்ற அகலப் பாத்திரத்தை எடுத்தவள், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கோப்பையில் ஊற்றி, மேலே ஏடு படிந்ததும், உள்ளே சூடு ஆறுமுன்னமே கொண்டுபோய் நீட்டினாள்.

"ஆறிட்டுது. குடி."

ஊசியில் மரத்த வாய்க்குச் சூடு தெரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு ஸுஹறா முழுவதையும் குடித்தாள். சற்று நேரத்தில் உதட்டோரம் சிவப்பாய் வழிந்தது.

சாஹுல் ஹமீட் பதறிப்போனார். "ஆறவைக்கச் சொன்னன் எல்லே!"

"பசியில நான்தான் ஆறமுன்னம் குடிச்சிட்டன்," என்றாள் ஸுஹறா, மூத்தவளைக் காட்டி. "ராத்தாவை ஏசாதீங்கோ."

புதுப் பஞ்சை மடித்துக் கடித்ததும் இரத்தம் நின்றது. ஹவ்வா உம்மாவின் எரிச்சல்தான் நிற்கவில்லை. தன் குற்றத்தை மூடிவைத்த நல்லவள் என்ற பெயரையும் ஸுஹறாவே எடுத்துக்கொண்டாளே என்று இன்னும் எரிந்தது.

மூன்று கிழமை போனது. ஒரு பகல், வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற ஹவ்வா உம்மாவின் காதில் ஸுஹறாவின் குரல் விழுந்தது.

"ராத்தா ஒரு பக்கத்தாலதான் சாப்பிடுறா. நான் வந்த நாளில இருந்து பாக்கிறன். அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"முருங்கனுக்கு நெல்லெடுக்கப் போகோணும்," என்றார் சாஹுல் ஹமீட்.

"நெல்லு ஓடிப்போகாது."

இன்னொருத்தியின் சிபாரிசில் தனக்கு வண்டி வருகிறது! போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வாய்தான் விண்விண்ணென்று வலித்தது. போனாள்.

ஏறும்போது ஸுஹறா காதோடு சொன்னாள். "ஊசி மட்டும் சுருக்கெண்டும். பிறகு உதடு உங்கட உதடு மாதிரி இராது. இழுக்கேக்க நோகாது, அமத்திற மாதிரி இருக்கும். மண்டைக்குள்ள ஒரு சத்தம் கேக்கும். அதுக்குப் பயப்படாதீங்கோ."

பயமுறுத்தத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ஹவ்வா உம்மா.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. ஊசி சுருக்கென்றது. உதடு தடித்து அந்நியமானது. தாதி தலையைப் பிடித்துக்கொள்ள, அப்போதிக்கரி அமிர்தநாயகம் குறட்டால் பல்லை முன்னும் பின்னும் அசைத்தார். தாடை கழன்றுவிடும்போல அமுக்கம். பச்சைக் கொப்பு முறிவதுபோல ஒரு சத்தம். பிறகு வெறுமை.

இரண்டு வேரும் சீழுமாய் இருந்த பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அவர். "எவ்வளவு காலமா வச்சிருந்தனீங்கள் அம்மா? உங்களைக் கூட்டிவர வீட்டில ஆரும் இல்லையோ?"

மறைப்புச் சீலைக்கு வெளியே சாஹுல் ஹமீட் நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும்.

திரும்பும் வழியில் அரசாங்க ஏசண்டர் துரையின் மோட்டார் காருக்கு வண்டி ஒதுங்கி நின்றது. புழுதி அடங்கியதும் சாஹுல் ஹமீட் திரையைப் பார்த்து, "ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றார்.

வாயில் பஞ்சு. அவள் திரையை விலக்கி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"சொன்னனீ," என்றார் அவர், மெதுவாக. "நான்தான் கிராம்பெண்டனான்."

முருங்கன் பயணம் இரண்டு நாள் தள்ளிப்போனது. மறுநாள் பகல் முழுவதும் அவர் அவளுடைய பாயருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சந்தைக் கதையெல்லாம் சொன்னார். அடுப்படியிலிருந்து ஸுஹறா இரண்டு தரம் கூப்பிட்டாள். "பொறு, வாறன்," என்றார், எழும்பவில்லை. மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. சட்டியொன்று அம்மியில் நங்கென்று இறங்கிய சத்தம்தான் வந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பொருள் ஹவ்வா உம்மாவுக்குத் தெரியும். சிரிப்பு வந்தது. புண் இழுக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"போங்கோ, அவள் கூப்பிடுறாள்," என்று சொன்னாள். உடனே சொல்லவில்லை. இன்னொரு கதை முடிந்த பிறகுதான் சொன்னாள்.