நாலு விரல் இடைவெளி

கிறிஸ்துநாயகம் பதினெட்டு வருடமாக மாதாவைச் சுமக்கிறார். குருநகரில், மாதா கோயில் திருநாளில் சுரூபம் தூக்கும் எட்டுப் பேரில் இடப்பக்கக் காவுதடியில் மூன்றாவது ஆள் அவர். ஒரேயொரு சங்கடம். கடவுள் அவரைப் படைக்கும்போது கொஞ்சம் சிக்கனம் பிடித்துவிட்டார். தடி அவருடைய தோளுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் போகும். கையை உயர்த்தி அதைப் பிடித்தபடி, முகத்தை மட்டும் பாரம் சுமக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நடப்பார். இந்தக் களவு தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தார், பாவம்.

இந்த வருடம் கோயிலுக்குப் புதுச் சுவாமியார் வந்தார். குருமடத்துக்குப் போகமுதல் பௌதிகம் படித்தவர். சுரூபம் தூக்க இடம் கேட்டு இளைஞர்கள் அவரை நச்சரித்தார்கள். ஒத்திகை நாளில் எட்டுப் பேரையும் தூக்கச் சொல்லிவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"ஒவ்வொருத்தரா விலகுங்கோ. ஆர் விலகேக்கை சுரூபம் அசையேல்லையோ, அவர் தேவையில்லை."

கிறிஸ்துநாயகத்துக்கு வேறென்ன இருக்கிறது? சொந்தப் படகு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. வருடத்தில் ஒரு நாள் மாதாவுக்குக் கீழே மூன்றாவது ஆள், அவ்வளவுதான் அவருடைய பேர். அதுவும் போனால் அவர் யார்?

மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராக விலகி, திரும்பவும் வந்து தோள் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாதா கொஞ்சம் சரிந்து நிமிர்ந்தா. கடைசியாக இவருடைய முறை. கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்து விலகினார்.

மாதா ஒரேயடியாக இரண்டு முழம் கீழே இறங்கினா.

நடந்தது இதுதான். ஏழு பேரும், கிறிஸ்துநாயகம் அண்ணையைக் காப்பாற்றத் தான் ஒருவன்தான் இருப்பதாக நினைத்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கிவிட்டார்கள். முன்னால் நின்ற எமில்ராஜ் ஆறடி ஆள், கிட்டத்தட்டக் குந்தியே விட்டான்.

சுவாமி சிலுவை போட்டுக்கொண்டார். "இவ்வளவு பாரத்தையும் இவரோ தாங்கினவர்? திருநாளண்டு நான் இவருக்குப் பின்னாலைதான் வருவன்."

சொன்னபடியே வந்தார், கிறிஸ்துநாயகத்தின் தோளை விட்டுக் கண்ணை எடுக்காமல். தடி அந்தத் தோளில் இருக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"மடக்குங்கோடா," என்றான் எமில்ராஜ் மெதுவாக.

ஏழு ஆண்பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் முழங்காலை மடக்கி, வாத்து மாதிரி குருநகர் முழுக்கச் சுற்றினார்கள். பாண்டு வாத்தியக்காரருக்குத் தாளம் பிசகியது. "இந்த முறை மாதா எங்களிட்டை இறங்கி வந்திருக்கிறா," என்று தெருவில் நின்ற பெண்கள் அழுதார்கள். அவர்களில் கத்தரீனா என்பவள் எட்டி மாதாவின் பாதத்தையே தொட்டுவிட்டாள்.

கிறிஸ்துநாயகமும் அழுதார். முதல் தடவையாகத் தடி தோளில் இருந்தது, எலும்பு நொந்தது. தன்னுடைய பங்கையும் சேர்த்து இவ்வளவு பாரத்தையா இவர்கள் வருடா வருடம் சுமந்தார்கள் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

மறுநாள் அந்த ஏழு பேரில் ஒருவராலும் தொழிலுக்குப் போக முடியவில்லை, காலை நிமிர்த்தினால்தானே. கிறிஸ்துநாயகத்தின் மனைவி ஸ்ரெல்லா நோவெண்ணெயைச் சூடாக்கிப் போத்தலில் விட்டு, "போய்ப் பூசிவிட்டிட்டு வாங்கோ," என்று புருசனை அனுப்பினாள். பதினாலு முழங்கால். கடைசியாக எமில்ராஜ் வீடு.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று நிலத்தில் குந்தியிருந்து தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"முதல் வருசமே தெரியும், அண்ணை. எல்லாருக்கும் தெரியும்."

"பிறகேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

எமில்ராஜ் மற்றக் காலை நீட்டினான். "நீங்கள் இல்லாட்டி எங்களுக்குத் தூக்கின மாதிரி இராது." கொஞ்ச நேரம் முனகிவிட்டுச் சொன்னான்: "எண்டாலும், வாற வருசத்துக்கிடையிலை ஒரு நாலு விரல் வளரப் பாருங்கோ."

"பாப்பம்," என்ற கிறிஸ்துநாயகம் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு கண் இரண்டும் எரிந்ததில், அவர் அழுததை யாரும் கணக்கெடுக்கவில்லை.