அவர் ஊதிய பைகள்

எச்சில் தொட்டுப் பை பிரிப்பது என் கணவருக்குப் பிடிக்காது. அவர் உயிருக்கு உலை வைத்தது அதுதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், புது பிளாஸ்டிக் பை லேசில் வாய் திறக்காது. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். மற்ற கடைக்காரர்கள் விரலை நாக்கில் தொட்டுப் பிரிப்பார்கள். "சாப்பிடுற சாமான்ல எச்சில் கையா வைக்கிறது?" என்று இவர் முகம் சுளிப்பார். பையை வாயருகே கொண்டுபோய் 'ஃபூ' என்று ஒரு ஊது. பை வயிறு புடைத்து நிற்கும், உள்ளே வெங்காயம் விழும். ஊதினால் மட்டும் அது சுத்தமாகிவிடுமா என்று கேட்டால் அடுத்த பையை எடுத்து ஊதுவார்.

ஊதுவதில் கஞ்சத்தனமும் கிடையாது. ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினாலும் ஒரு பை. சோப்புக்கு ஒன்று, சோப்பு வாசனை மற்றதில் ஏறாமல் இருக்க அதற்கு மேல் இன்னொன்று. "ஊதி ஊதியே நீங்க ஊதாரி ஆயிட்டீங்க" என்று நான் கத்துவேன். அவர் கன்னத்தில் அடக்கியிருக்கும் கிராம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சிரிப்பார். எங்கள் கடை துறைமுகத்துக்கு இறங்கும் சரிவுத் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவில் கீழே போட்டது எதுவும் போட்ட இடத்தில் கிடக்காது. காற்றில் உருண்டோ, சாக்கடையில் மிதந்தோ, கடலுக்குப் போய்விடும்.

அவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது நான் நம்பவில்லை. சாக்கு மூட்டை வந்து இறங்கும் நாளாகப் பார்த்து வருகிறதே என்று எரிச்சல்தான் வந்தது. "நடிக்காதீங்க, எந்திரிங்க" என்று அதட்டியிருக்கிறேன். பிறகுதான் கவனித்தேன். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் நாட்களில் அவருக்கு ஆகவே ஆகாது. தரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடுவார். உள்ளே ஒன்றும் போகாது. உதடு நீலம் பூத்துவிடும். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நுரையீரல் சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்றார். குறை இல்லாத மனுஷன் ஏன் இப்படித் தவிக்கிறார் என்று கேட்டதற்கு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, துறைமுகத்தில் குப்பைப் படகு ஓட்டுகிறாள். தண்ணீரில் மிதக்கும் குப்பையை வலையில் அரித்து எடுப்பது அவள் வேலை. எதற்கும் அசையாதவள். ஒரு நாள் மத்தியானம் பேயறைந்த முகத்தோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க கடைக் கவர் கொஞ்சம் வலையில மாட்டியிருக்கு. நீங்க வந்து பாக்கணும்."

"எங்க கடைக் கவர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பேரு போட்டிருக்கே."

போட்டிருந்தது உண்மைதான். விளம்பரமாக இருக்கட்டும் என்று நான்தான் அச்சடிக்கச் சொன்னேன். அந்த விளம்பரம் கடல்வரை போகும் என்று எனக்கென்ன தெரியும்? அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கண்ணைக் காட்டினாள். கூடவே போனேன்.

படகில் ஒரு பெரிய தொட்டி. அதற்குள் எங்கள் பைகள். அலை முறுக்கியதில் ஒவ்வொன்றின் வாயும் பாசியோடு சேர்ந்து இறுகி முடிச்சு விழுந்திருந்தது. காற்று துளிகூட இல்லை, படகின் கொடி தொங்கிக் கிடந்தது. ஆனால் பைகள் அசைந்தன. உப்பின, வற்றின. மறுபடி உப்பின, வற்றின. எல்லாம் ஒரே நேரத்தில்.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. இழுக்கும்போது பாதியில் ஒரு சின்னத் தடங்கல் வரும், எதையோ யோசித்துவிட்டு மேலே போவதுபோல. பைகளும் பாதியில் நின்று யோசித்துவிட்டு உப்பின.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். "என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்... கொஞ்சம்... முடியல..."

நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் ஒரு பையின் முடிச்சை அவிழ்த்தாள். வெதுவெதுப்பான காற்று என் முகத்தில் பட்டது. கிராம்பு வாசனை. பை தொட்டிக்குள் சுருண்டு, வெறும் பையாகிவிட்டது.

"அப்பாடா!" என்றது போன். "இப்பதான் ஒரு மூச்சு முழுசா உள்ள போச்சு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்துகொண்டு, மிச்சத்தையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னதற்கு, "ரெண்டு பேரும் வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டீங்க" என்று கேலி பண்ணினார். ஆனால் அன்றைக்கு அவர் இரண்டு மூட்டை அரிசியைத் தானே தூக்கி அடுக்கினார்.

மறுநாளே கடையிலிருந்த பைக்கட்டுகளை எல்லாம் வெளியே தள்ளினேன். பை கொண்டு வந்தால்தான் சாமான் என்று எழுதி மாட்டினேன். ஊரே என்மேல் பாய்ந்தது. "விருந்துக்குக் கூப்பிட்டு எலையும் கொண்டு வான்னு சொல்ற கதையா இருக்கே" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். "ஆமா, எலையும் கொண்டு வாங்க, தண்ணியும் கொண்டு வாங்க" என்றேன். மூன்றாவது வீட்டு டீச்சர் என்மேல் உள்ள கோபத்தில் குடையைத் தலைகீழாக விரித்து அதில் உருளைக்கிழங்கு வாங்கிப் போனார். தையல்காரரே பிறகு வெட்டுத் துணியில் பைகள் தைத்துக் கொண்டுவந்து கடையில் மாட்டினார்; மாட்டியதும் தீர்ந்துவிடும். வாய்தான் அவருக்கு, மனசு நல்லது.

காலையில் நாத்தனாரோடு கடற்கரைக்குப் போவேன். பாறை இடுக்கில், படகுகளுக்கு அடியில், எங்கள் பைகள் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். ஒன்றை அவிழ்த்தால் அவருக்கு ஒரு மூச்சு. வாசனை பட்டதும் அடுத்ததைத் தேடுவேன். நடுக்கடலில் எத்தனை கிடக்கின்றனவோ என்று நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. பிழைத்துக்கொள்வார் என்றே நம்பினேன்.

ஒரு மழை நாளில் சீக்கிரம் திரும்பி வந்தேன். கல்லாவுக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் பச்சைக் குழந்தையோடு. இவர் குனிந்து எதையோ எடுத்து வாயருகே கொண்டுபோனார். 'ஃபூ'. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு கட்டு ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அந்தப் பெண் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"கைல புள்ள, வெளிய மழை. வெறுங்கையோட எப்படி அனுப்புறது?"

"அதுக்கு உங்க மூச்சையா குடுத்து அனுப்புவீங்க?"

"ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணுதானே ஒண்ணுதானேன்னுதான் கடலெல்லாம் நெறஞ்சு கெடக்கு! எனக்கு நீங்க வேணும், புரியுதா? ஊருக்கு நல்லவரா இருந்தது போதும்."

அவர் கண் கலங்கிவிட்டது. இனிமேல் இல்லை என்று என் தலைமேல் கைவைத்துச் சொன்னார். அதை நம்பி, அந்தக் கட்டை அப்புறம் எறியலாம் என்று அங்கேயே விட்டேன்.

காற்று கடலைப் பார்த்து அடித்த ஒரு பகலில், யாரோ முட்டை கேட்டார்கள். முட்டையை எப்படி வெறுங்கையில் கொடுப்பது? நான் பின்கட்டிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் ஊதிவிட்டார். பை நிறைந்தது. மூச்சை மறுபடி இழுக்க வாய் திறந்தது, இழுக்கவில்லை. அப்படியே கல்லாமேல் சாய்ந்தார். அவர் விரல்கள் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தன. நான் அழுவதற்கு முன்னால், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அதை முடிச்சுப் போட்டேன்.

அவரை எடுத்துப்போன பிறகும் அந்தப் பை நிற்கவில்லை. உப்பியது, யோசித்தது, வற்றியது.

கடையைச் சாத்தினேன். கடற்கரைக்கு மட்டும் போனேன், ஆனால் இப்போது பைகளை அவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து, மேல்பாசியைத் துடைத்து எங்கள் அறையில் சேர்த்தேன். கட்டில்மேல், அலமாரிமேல், தரையில். கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் படுத்தால் நாலா பக்கமும் அவர் மூச்சு விடுவார். வாய் ஓயாமல் பேசுவேன். எத்தனையோ நாளுக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன். பயமில்லையா என்றால், இருந்தது. அவர் இல்லாமல் இருப்பதைவிட அந்தப் பயம் தேவலை.

"அண்ணி, அவிழ்த்து விட்டுடுங்க. பாவம், அண்ணன்" என்றாள் நாத்தனார்.

"உனக்கு அண்ணன்தான். எனக்குப் புருஷன். போடி வெளிய" என்று விரட்டிவிட்டேன்.

அந்த வாரம் புயல் மழை. எங்கள் அறை ஜன்னலின் கொக்கி தெறித்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது பாதிப் பைகள் இல்லை. தெருவில் ஓடினேன். சரிவில் உருண்டு போன பைகளைப் பிடிக்க என் கால் போதவில்லை.

மழை விட்டதும் நாத்தனார் வந்து, என் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மணலில் ஒரு பெரிய ஆமை. செத்து ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. ஆனால் அதன் கழுத்து அசைந்தது. உப்பியது, பாதியில் நின்றது, மறுபடி உப்பியது. வாயோரத்தில் எங்கள் கடைப் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது.

"இது ரொம்ப நாள் கடல்ல கெடந்தது இல்ல அண்ணி" என்றாள் அவள். "மேல பாசியே இல்ல. நீங்க துடைச்சு உங்க ரூம்ல வச்சிருந்ததுதான்."

ஒரு எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனுஷன் அவர். அவருடைய மூச்சை ஒரு ஊமை ஜீவனின் தொண்டையில் அடைக்க விட்டேன். அவர் செய்ததாவது தெரியாமல் செய்தது. நான் தெரிந்தே செய்தேன். அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கையை உள்ளே விட்டு அந்தப் பையை நானே இழுத்து எடுத்து அவிழ்த்தேன்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தை எல்லாம் அவிழ்த்தேன். நாத்தனார் வெறும் பைகளை மடித்து மடித்து ஒரு மூட்டையாகக் கட்டினாள். கடைசியில், அவர் கையிலிருந்து நான் முடிச்சுப் போட்ட அந்த ஒன்று மட்டும் என் மடியில் இருந்தது. அவள் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொன்ன பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்று அதனிடம் சண்டை போட்டேன். அது உப்பியது, வற்றியது. முடிச்சு மிகவும் இறுகியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. கிராம்பு வாசனை என் உதட்டில் பட்டு, ஜன்னல் பக்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்டது என் ஒருத்தியின் மூச்சுதான்.