மூன்றாவது உதை

என் தம்பி நிர்மல் டெங்குவில் போய் நாற்பத்தோரு நாள். நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடக்கிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும்.

அவனுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாசலில் நிற்கிறது. "அது கண்ணுல படற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது, வித்துடுங்க," என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா தலையாட்டினார். எனக்கு அந்த வண்டி வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து சர்ஃபராஸ் வந்தார். பழைய யமஹாக்களை வாங்கிச் சரிசெய்து விற்பவர். எஞ்சின் நம்பரைத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு மாடல். அப்டியே ஒரிஜினலா கீது சார்," என்றார் அப்பாவிடம். "ஆர்எக்ஸ்ஜி, ஒன் தர்ட்டி ஃபைவ், ஆர்எக்ஸ்இசட்டுன்னு பின்னாடி எவ்ளோ வந்துச்சு. இன்னா வந்தாலும் இத்தாண்ட நிக்காது."

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆர்கனும் பியானோவும் செய்த கம்பெனி. ஐம்பத்தைந்தில் முதல் பைக், செல்லப்பெயர் சிவப்புத் தும்பி. சின்னத்தில் இருப்பது மூன்று இசைக்கவைகள். எண்பத்தைந்தில் ஆர்எக்ஸ் 100, தொண்ணூற்றாறில் நிறுத்தம். சாப்பிட உட்கார்ந்தாலே நிர்மல் இதை ஆரம்பித்துவிடுவான், நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன். வீடு திரும்பும்போது நிர்மல் துரை கேட் திறக்கக்கூட வண்டியை விட்டு இறங்க மாட்டார். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மாதான் கேட்டைத் திறக்க ஓடுவாள். இப்போது அவன் குரல்கூட எனக்கு நினைவில் வரவில்லை. வருடங்கள் மட்டும் வரிசையாக வருகின்றன.

சர்ஃபராஸ் பதினைந்து உதை உதைத்தார். வண்டி மூச்சு விடவில்லை.

"எஞ்சின் சத்தம் கேக்காம நா வாங்கறதில்ல சார்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்படி உதைத்தால் ஆகாது. சாவி போடாமல் இரண்டு உதை, பிறகு சாவி, சோக், மூன்றாவது உதை. நிர்மல் எனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். நான் பேசாமல் நின்றால் வண்டி இங்கேயே இருக்கும். ஜன்னல் வழியே டைனிங் டேபிள் தெரிந்தது. காலையில் அம்மா தனக்கென்று எடுத்து வைத்த இரண்டு இட்லி அப்படியே காய்ந்து கிடந்தது.

"தள்ளி நில்லுங்க," என்றேன்.

இரண்டு வெற்று உதை. சாவி. சோக். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கொண்டியை நீக்கி, கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

தெருவில் யாரும் இல்லை.

சர்ஃபராஸ் சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கக் கை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க தம்பி," என்றாள் அம்மா, ஏரிக்கரைத் திருப்பத்தைப் பார்த்தபடியே. "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அம்மா கேட்டை விடவில்லை. நான் ஆக்சிலரேட்டரை விடவில்லை.