நாற்பத்திரண்டாம் நம்பர் சட்டை

சர்வேயர் முத்துகுமரனுக்கு வயது முப்பத்திரண்டு. தென்காசியில் யார் காம்பவுண்டு சுவர் யார் இடத்துக்குள் அரை அடி நுழைந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். தன் சட்டை இரண்டு தோளையும் தாண்டி நாலு விரல் வெளியே போயிருப்பது மட்டும் அவன் கண்ணில் பட்டதே இல்லை. சட்டை எடுப்பதெல்லாம் அம்மா கோமதியம்மாள்தான். அவனுக்கு முப்பத்தெட்டாம் நம்பரே போதும். அவள் நாற்பத்திரண்டுக்குக் கீழே தொடமாட்டாள்.

"வளருத பிள்ளை. தாராளமா இருக்கட்டும்" என்பாள்.

குற்றாலத்துக்குப் பெண் பார்க்கப் போனதும் அப்படியொரு புதுச் சட்டையில்தான். ஆட்டோவிலேயே சாரலில் நனைந்து, தோள் தையல் முழங்கையைப் பார்த்து இறங்கிவிட்டது. காப்பி டம்ளரை வாங்க அவன் முதலில் சட்டைக்குள் தன் கையைத் தேட வேண்டியிருந்தது.

பெண்ணின் அப்பா வீரபாகு, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, சட்டை யாருது?"

"என்னுதுதான்."

"எங்க எடுத்தீய?"

"தெரியாது. அம்மா எடுத்தாங்க."

வீரபாகு மீசையைத் தடவினார். இரவல் சட்டையில் வந்தவன் சொன்ன வேலையும் இரவலாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டுவிட்டது. "ஆபீஸ் கார்டு வச்சிருக்கீயளா?"

கோமதியம்மாள் எழுந்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, எம்பிள்ளைய என்னன்னு நெனச்சீய? ஏலே, வா போவோம்."

அந்த நேரத்தில்தான் பெண் கல்யாணசுந்தரி வெளியே வந்தாள். ஐந்தருவி போகிற வழியில் ஆண்களுக்குச் சட்டை தைக்கும் கடை வைத்திருப்பவள். கையில் டேப் இருந்தது.

"ஒரு நிமிசம்ப்பா" என்றவள் முத்துகுமரன் பக்கம் திரும்பினாள். "நேரா நில்லுங்க. இங்கன பாருங்க, தோள் எலும்பு முடியுத எடத்துல தையல் நிக்கணும். காலருக்குள்ள ரெண்டு வெரல் போனாப் போதும், இதுல எங்கப்பா கையே போவும்."

டேப் மார்பைச் சுற்றியதும் முத்துகுமரன் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"மூச்ச விடுங்க. அளவு தப்பா வரும்."

விட்டான்.

"ஊரையெல்லாம் அளக்குதீய. ஒங்கள இதுவரைக்கும் யாருமே அளக்கலியா?"

"இல்ல" என்றான். சொல்லிவிட்டு, டேப்புக்கு வாகாகக் கையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டான்.

"அப்பா, சட்டை அவுகளுதுதான். அளவுதான் அவுகளுது இல்ல" என்றாள் கல்யாணசுந்தரி.

"அப்ப எனக்குச் சட்டை எடுக்கத் தெரியலங்கியா?" என்று பாய்ந்தாள் கோமதியம்மாள்.

"துணி அருமையா எடுத்திருக்கீய அத்தை. பிரிச்சுத் தச்சாப் போதும்."

அந்த 'அத்தை'யைக் கேட்டதும் கோமதியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு காப்பிகூடக் கேட்டாள்.

ஒரு மணி நேரம் உள்ளே தையல் மிஷின் ஓடியது. வீரபாகுவின் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த முத்துகுமரன், சட்டை வந்ததும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். தனக்குத் தோள் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தான். திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வீரபாகுவுக்கும் மனம் இளகிவிட்டது. "ஆவணில நாள் பாப்பமா?" என்றார்.

யாரும் வாயைத் திறப்பதற்குள் கல்யாணசுந்தரி கையில் மிச்சமிருந்த நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "ஆவணில முடியாதுப்பா. ஓணத்துக்குக் கேரளா பார்டர் புளியறைப் பக்கமிருந்து சட்டை ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. ஐப்பசில பாருங்க."

அவள் சம்மதம் சொல்லிவிட்டாள் என்பது முத்துகுமரனுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று.