கை எட்டாத இடம்

தையல் மெசினைத் தனியே நகர்த்தும்போது கொன்ஸ்ரன்ஸுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து, கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் டொக்டரின் டிஸ்பென்சரிக்குப் போனாள்.

டொக்டர் அவளைப் படுக்கவைத்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"கால் விறைக்குதே? சலம் போறதில கஷ்டம் ஏதும்?"

"இல்லை டொக்டர்."

"அப்ப பயப்பட ஒண்டுமில்லை, தசைப்பிடிப்பு. பத்து நாள் பலகையில படுங்கோ, எழும்பப்படாது. இந்த எண்ணெயைக் காலமையும் பின்னேரமும் தடவவேணும். வீட்டில ஆர் இருக்கினம்?"

"தங்கச்சி இருக்கிறா."

தங்கை செலீன், உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டுகள் வெடித்த மறுநாளே பிள்ளைகளோடு மன்னாருக்குப் போய்விட்டாள். ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாற்பத்தைந்து வயதில் தனக்கு ஒருவருமில்லை என்று சொல்லக் கொன்ஸ்ரன்ஸுக்கு வெட்கமாயிருந்தது.

மூன்று நாள் பலகையில் கிடந்தாள். தண்ணீர்க் குடத்துக்குத் தவழ்ந்து போனாள். வாங்கிவைத்த பாண் கடிக்க முடியாதபடி காய்ந்து போயிற்று. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாள். நோகிற இடத்துக்குக் கை எட்டவில்லை. செபமாலை சொல்லும்போதும் காது ஒழுங்கையிலேயே இருந்தது. ஒரு குரலும் கேட்கவில்லை.

நாலாம் நாள், உடம்பெல்லாம் மரத்துப்போய், மறுபடி டிஸ்பென்சரிக்கு வந்தாள். டொக்டர் முதுகைப் பார்த்தார்.

"எண்ணெய் மணமே இல்லையே. தங்கச்சி என்ன, நித்திரையோ?"

கொன்ஸ்ரன்ஸ் அழுதுவிட்டாள். "ஒருத்தரும் இல்லை டொக்டர். பொய் சொன்னனான்."

திரைக்கு அப்பால், கால் புண்ணுக்கு மருந்து கட்ட நாளும் வருகிற நளீபா இருந்தாள். இடியப்பம் அவித்து விற்பவள். அவள் எழுந்து நொண்டி வந்தாள்.

"இதுக்கா புள்ள அழுவுறீங்க? போத்தலத் தாங்க. புண்ணு காலுலதானே. இடியப்பம் புழியிற கை நல்லாத்தான் இருக்கு."

டொக்டர் சற்று யோசித்தார். "அப்ப பலகை வேண்டாம். தனியக் கிடந்தா உடம்பு இன்னும் இறுகும். நாளும் மெல்ல நடந்து இஞ்ச வாங்கோ. இவவும் வாறவதானே."

நாளும் நடந்தாள். நாளும் அந்தச் சூடான கை முதுகில் பட்டது. மனிதனின் முதுகை அவன் கைக்கே எட்டாமல் ஆண்டவர் படைத்ததற்கும் ஒரு காரணம் இருக்கும்.

எட்டாம் நாள் அவளால் நோவின்றிக் குனிய முடிந்தது. "சுகம். இனி வரத் தேவையில்லை" என்றார் டொக்டர். கொன்ஸ்ரன்ஸின் முகம் வாடியது.

வாசலில் நளீபாவிடம் கேட்டாள்: "நாளைக்கு நான் சும்மா வரட்டே?"

"மருந்துக் கடைக்கு ஆராச்சும் சும்மா வருவாங்களா? எங்கட ஊட்டுக்கு வாங்க."

"எந்த ஒழுங்கை?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.